வீட்டிலேயே பழைய நெகட்டிவ்களையும் ஸ்லைடுகளையும் ஸ்கேன் செய்தல்: முழுமையான வழிகாட்டி

பீரோவின் மேல்தட்டிலோ பரணிலோ பல ஆண்டுகள் கிடந்த நெகட்டிவ் கவர்களையும் ஸ்லைடு பெட்டிகளையும் கணினியில் ஏற்ற விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். லென்ஸ் மாற்றக்கூடிய டிஜிட்டல் கேமரா ஒன்று கையில் இருக்கிறது அல்லது இரவல் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு, கேமராவால் படமெடுக்கும் முறையையே விரிவாகச் சொல்லியிருக்கிறேன். பிளாட்பெட் ஸ்கேனருக்கு (கண்ணாடிப் பரப்புள்ள மேசை ஸ்கேனர்) எது மாறும் என்பது தனிப் பகுதியில் வருகிறது. புதியவர்கள் பெரும்பாலும் ஷட்டரை அழுத்துவதைத்தான் ஸ்கேன் என்று நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் நடப்பதுதான் வேலையின் பெரும்பங்கு; அந்த வரிசை பிசகினால் எடுத்ததையே மறுபடி எடுக்க நேரும்.

1. வகை பிரித்தல்

எதையும் துடைக்காமல், முதலில் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வகை பிரியுங்கள். ஆரஞ்சு நிறத்தில் தெரிவது வண்ண நெகட்டிவ். சாம்பல் அல்லது தெளிந்த பின்னணியில் இருப்பது கருப்பு வெள்ளை. நேர்ப்படமாக, 50 மில்லிமீட்டர் சதுர அட்டையிலோ பிளாஸ்டிக்கிலோ பொருத்தப்பட்டிருப்பது ஸ்லைடு. இவற்றைத் தவிர, நம் வீடுகளில் 6 சென்டிமீட்டர் சதுர நெகட்டிவ்களும் நிறையக் கிடைக்கும். ஆக்ஃபா கிளிக் 3 போன்ற எளிய கேமராக்கள் 120 சுருளில் எடுத்தவை அவை. ஒவ்வொரு வகைக்கும் சுத்தம் செய்யும் முறையும் கேமரா அமைப்பும் வேறு என்பதால், கலந்து எடுத்தால் ஒவ்வொரு கீற்றுக்கும் அமைப்பை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

பிரிக்கும்போதே மூக்கையும் பயன்படுத்துங்கள். கவரைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால், அந்த ஃபிலிமின் அசிடேட் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது. அதிலிருந்து வரும் ஆவி பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும் என்பதால் அவற்றைத் தனியே வைத்து, முதல் வரிசையில் ஸ்கேன் செய்ய வேண்டும். நாளாக ஆக ஃபிலிம் சுருங்கி, படப்பூச்சு மடிப்பு மடிப்பாக எழும்பிவிடும். 1950களின் தொடக்கத்துக்கு முற்பட்ட ஃபிலிம் இருந்தால், ஓரத்தில் ‘சேஃப்டி’ என்ற ஆங்கிலச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ‘நைட்ரேட்’ என்று இருந்தால் அது எளிதில் தீப்பற்றும் வகை. சூடான விளக்கின் அருகே கொண்டுபோகாமல், வீட்டில் கையாளாமல், ஆவணக் காப்பகம் ஒன்றின் ஆலோசனையைப் பெறுங்கள்.

எல்லாப் படங்களையும் முழுத் தரத்தில் ஸ்கேன் செய்யவேண்டிய அவசியம் இல்லை. லைட் பேடின் (உள்ளிருந்து ஒளிரும் பலகை) மீது கீற்றுகளைப் பரப்பி, கைபேசித் திரையின் நிறத்தைப் புரட்டிக் காட்டும் வசதியை அணுகல்தன்மை அமைப்புகளில் இயக்கிவிட்டு, கைபேசி கேமரா வழியாகப் பார்த்தால் நெகட்டிவ் அங்கேயே நேர்ப்படமாகத் தெரியும். யார் எவர் என்று பார்த்து, வேண்டிய சுருள்களைக் குறித்துக்கொள்ள இது போதும். வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டிய நேரமும் இதுதான். பெயரையும் ஆண்டையும் அவர்கள் சொல்லச் சொல்லக் கவரின் மீது பென்சிலால் எழுதுங்கள்.

2. கருவிகளைத் தேர்ந்தெடுத்தல்

எப்சன் வி600 போன்ற பிளாட்பெட் ஸ்கேனர் 120 நெகட்டிவ்களுக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் 35 மில்லிமீட்டர் நெகட்டிவில் அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 6400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற அளவு) என்ற எண்ணை நம்பக் கூடாது; அதன் லென்ஸ் உண்மையில் பிரித்துக் காட்டும் நுணுக்கம் அதைவிட மிகக் குறைவு. பிளஸ்டெக் போன்ற 35 மில்லிமீட்டருக்கென்றே உள்ள ஸ்கேனர்கள் கூர்மையானவை, ஆனால் மெதுவானவை. ஒவ்வொரு படத்துக்கும் கையால் நகர்த்த வேண்டும்.

24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு 35 மில்லிமீட்டர் படம் சட்டத்தை முழுவதும் நிறைத்தால் ஏறத்தாழ 4200 டிபிஐ கிடைக்கும். பெரும்பாலான குடும்பப் படங்களில் உள்ள விவரத்துக்கு இது மேலதிகமே. வேகமும் கூடுதல் என்பதால் நான் இதையே பரிந்துரைக்கிறேன்.

தேவையானவை இவை: மிக அருகிலிருந்து படமெடுக்கும் மேக்ரோ லென்ஸ், கீழ்நோக்கிக் கேமராவைப் பிடிக்கும் தாங்கி, ஃபிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் ஹோல்டர், ஒளிமேடை (லைட் பேட்), தூசியை ஊதும் ரப்பர் ப்ளோயர், கறுப்பு அட்டை. பழைய என்லார்ஜரின் (நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் கருவி) தூண் எங்காவது கிடைத்தால் அதைவிட நல்ல தாங்கி இல்லை. அதன் நெகட்டிவ் கேரியரையே ஹோல்டராகவும் பயன்படுத்தலாம். சிறிய சென்சார் (ஏபிஎஸ்-சி) கேமராவில் 35 மில்லிமீட்டர் படம் நிறைவதற்கு மூன்றில் இரண்டு பங்கு உருப்பெருக்கமே போதும். முழுச் சட்ட (ஃபுல் ஃபிரேம்) சென்சாருக்குத்தான் ஒன்றுக்கு ஒன்று, அதாவது ஃபிலிமின் அதே அளவு, தேவை.

பணத்தை எங்கே செலவிடுவது என்று கேட்டால், ஒளிமேடையில் என்பேன். சிறுவர்கள் படம் வரையும் மலிவான லைட் பேடுகளில் சிவப்பு ஒளி குறைவாக இருக்கும். அதனால் முகங்களின் நிறம் எவ்வளவு திருத்தினாலும் சரிப்படாது. சிஆர்ஐ (ஒளி நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 95 அல்லது அதற்கு மேல் என்று குறிப்பிட்டிருப்பதை வாங்குங்கள்.

3. இடத்தைத் தயார் செய்தல்

மின்விசிறியை நிறுத்துங்கள். நம் ஊர் வீடுகளில் தூசிக்கும் அதிர்வுக்கும் அதுவே முதல் காரணம். தரையை ஈரத்துணியால் துடைத்து, அரைமணி நேரம் கழித்துத் தொடங்கினால் காற்றில் மிதப்பவை அடங்கியிருக்கும். விசிறி இல்லாமல் வியர்க்கும் என்பதால் இரவு வேளை நல்லது; அறை இருட்டாக இருக்க வேண்டிய தேவையும் அதிலேயே நிறைவேறும். வாஷிங் மெஷின் ஓடும்போது படமெடுக்காதீர்கள்.

4. சுத்தம் செய்தல்

கேமரா முறையில் தூசியைத் தானாக நீக்கும் வசதி கிடையாது. நெகட்டிவில் ஒட்டிய தூசி ஒளியை மறைப்பதால், படத்தை நேர்ப்படமாகப் புரட்டியதும் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். கறுத்த தலைமுடியின் மீதும் கோட்டின் மீதும் அது கண்ணைக் குத்தும். கணினியில் ஒவ்வொன்றாக அழிப்பதைவிட, ப்ளோயரை நான்கு முறை அழுத்துவது எளிது. வாயால் ஊதக் கூடாது. எச்சில் துளி காய்ந்தால் கறையாகிவிடும். ஃபிலிமை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். விரல் வியர்க்கும் என்றால் நைட்ரைல் கையுறை போடுங்கள். பருத்திக் கையுறை நூலிழையை உதிர்க்கும்.

ஃபிலிமின் இரு பக்கங்களையும் இனம் காணத் தெரிந்திருக்க வேண்டும். மங்கலாகத் தெரிவது படப்பூச்சு உள்ள எமல்ஷன் பக்கம். பளபளப்பாக இருப்பது அடித்தளப் பக்கம். கைரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும் பெரும்பாலும் பளபளப்பான பக்கத்தில்தான் இருக்கும். ப்ளோயரால் போகாதவற்றுக்கு 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலை நூல் உதிராத துணியில் சிறிது நனைத்து, முதலில் படமில்லாத ஓரத்தில் சோதித்துவிட்டு, ஒரே திசையில் ஒரு முறை இழுங்கள். வட்டமாகத் தேய்த்தால் தூசித்துகள் கீறிவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டோ சானிடைசரோ வேண்டாம். அவற்றில் உள்ள நீரும் பிற சேர்க்கைகளும் தடம் விடும்.

பூஞ்சை படிந்தவை தனிக் கவனம் கேட்பவை. கடற்கரை ஊர்களில் மழைக்காலம் பல கடந்த நெகட்டிவ்களில் சிலந்தி வலையைப் போன்ற இழைகளைக் காணலாம். பூஞ்சை, படத்தைத் தாங்கும் ஜெலட்டினையே தின்று வளர்கிறது. அப்படித் தின்னப்பட்ட ஜெலட்டின் நீரில் கரையக்கூடியது. தண்ணீரில் கழுவினால் பூஞ்சையோடு படமும் போய்விடும் என்பது அதனால்தான். முதலில் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் சில நாட்கள் வைத்து உலர்த்துங்கள். பிறகு முகக்கவசம் அணிந்து, ஆல்கஹாலால் பளபளப்பான பக்கத்தை மட்டும் துடையுங்கள். எமல்ஷனில் இறங்கிவிட்ட இழைகளை அப்படியே விட்டு ஸ்கேன் செய்து, கணினியில் திருத்துவதே பாதுகாப்பானது.

ஸ்டூடியோவில் எடுத்த பெரிய கருப்பு வெள்ளை நெகட்டிவ்களை ஆல்கஹாலால் தொடவே கூடாது. முகத்தின் சுருக்கத்தையும் தழும்பையும் மறைக்க எமல்ஷன் மீது பென்சிலால் செய்த ‘டச்சிங்’ வேலை அவற்றில் இருக்கலாம். சாய்வான ஒளியில் பார்த்தால் பென்சில் தடம் மினுங்கும். துடைத்தால் அந்தக் கைவேலை போய்விடும், ப்ளோயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கவரோடு ஒட்டிக்கொண்ட நெகட்டிவைப் பிய்க்காதீர்கள். ஒட்டாத பகுதியை மட்டும் இப்போது ஸ்கேன் செய்துவிட்டு, எஞ்சியதைப் பழுது நீக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

5. கேமராவையும் ஃபிலிமையும் இணையாக வைத்தல்

ஒளிமேடையின் மீது ஃபிலிமை நேரடியாக வைக்கக் கூடாது. மேடையின் தூசியும் அதன் பரப்பிலுள்ள புள்ளிகளும் படத்தில் விழும். ஹோல்டரை 3 முதல் 5 சென்டிமீட்டர் உயர்த்தினால் அவை கவனத்துக்கு வராமல் மங்கிவிடும். ஃபிலிமைச் சுற்றித் தெரியும் வெற்று ஒளியை முழுவதும் கறுப்பு அட்டையால் மறையுங்கள். அந்த ஒளி லென்ஸுக்குள் சிதறி, படத்தின் ஒளி நிழல் வேறுபாட்டைக் குறைத்து வெளிறச் செய்யும். பலரும் விட்டுவிடுகிற படி இது.

அடுத்து, சென்சார் ஃபிலிமுக்கு இணையாக இருக்க வேண்டும். மேக்ரோ தூரத்தில் குவியத்தின் ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் என்பதால், சற்றே சாய்ந்தாலும் ஒரு மூலை மங்கிவிடும். இதற்கு நீர்மட்டம் தேவையில்லை. ஃபிலிம் இருக்குமிடத்தில் முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றை வைத்து லைவ் வியூவில் (கேமராத் திரையில் தெரியும் நேரடிக் காட்சி) பாருங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் தெரிந்தால் எல்லாம் இணையாக இருக்கிறது என்று பொருள். இல்லையென்றால் கேமராவைச் சிறிது சிறிதாகச் சாய்த்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். தாங்கியின் உயரத்தை மாற்றும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

குவியத்தைக் கையால் வையுங்கள். லைவ் வியூவைப் பெரிதாக்கி, முகத்தையோ எழுத்தையோ பார்க்காமல் ஃபிலிமின் மணித்துகளை (கிரெய்ன்) பார்த்துக் குவியுங்கள். அன்றைக்கு எடுத்த படமே குவியம் தவறியதாக இருந்தால், முகத்தைப் பார்த்துக் குவிக்க முடியாமல் திணறுவீர்கள். மணித்துகள் எப்போதும் கூர்மையாகவே இருக்கும்.

6. ஒளியளவை ஒரு சுருளுக்கு ஒரு முறை பூட்டுதல்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் பின்பற்றுவதாக இருந்தால், அது இந்தப் படியாக இருக்கட்டும்.

கேமராவை முழுக் கைமுறை நிலையில் வையுங்கள். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, அபெர்ச்சர் (லென்ஸின் துளையளவு) எஃப் 5.6 அல்லது 8, சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா கோப்பு. எஃப் 16 வரை போனால் கூர்மை கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கத்தில் எஃப் எண் நடைமுறையில் இரட்டிப்பாகிவிடுவதால், டிஃப்ராக்ஷன் (சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவது) கூர்மையைக் குறைக்கவே செய்யும். ஷட்டர் வேகத்தைத் தீர்மானிக்க, இரண்டு படங்களுக்கு இடையே உள்ள வெற்று ஃபிலிமைச் சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். நெகட்டிவில் மிகவும் ஒளிரும் பகுதி அதுதான். ஹிஸ்டோகிராமின் (ஒளியின் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தை அது நெருங்கி, ஆனால் வெட்டுப்படாமல் (விவரம் இழக்காமல்) நிற்கும் வரை வேகத்தைக் குறையுங்கள். வண்ண நெகட்டிவில் சிவப்பு வரைகோடுதான் முதலில் ஓரத்தைத் தொடும் என்பதால், மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

அதன்பின் அந்தச் சுருள் முடியும் வரை எதையும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் தானியங்கி ஒளியளவும் தானியங்கி ஒயிட் பேலன்ஸும் (வெண்மையைச் சமன்செய்யும் அமைப்பு) இயங்கினால், ஒரே கல்யாணத்தின் முப்பத்தாறு படங்களும் முப்பத்தாறு நிறத்தில் வரும்; புரட்டிய பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். பூட்டி எடுத்தால் ஒரு படத்துக்குச் செய்த திருத்தத்தை மற்ற எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடலாம். மிக அடர்ந்த நெகட்டிவ் ஒன்றிரண்டு இருந்தால் அவற்றுக்கு மட்டும் கூடுதல் ஒளியில் இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழுந்தால், அது எல்இடியின் துடிப்பு. ஷட்டர் வேகத்தை 1/30 வினாடிக்கு மேல் ஏற்றாமல், எலக்ட்ரானிக் ஷட்டரையும் தவிர்த்தால் பெரும்பாலும் மறையும்.

7. படமெடுக்கும் வரிசை

முதல் படமாக வெற்று ஃபிலிமை மட்டும் எடுங்கள். நிறம் புரட்டும்போது அது அளவுகோலாக இருக்கும். பிறகு கீற்றை ஊதி, ஹோல்டரில் செருகி, குவியத்தைச் சரிபார்த்து, இரண்டு வினாடி டைமரிலோ ரிமோட்டிலோ எடுங்கள். கீற்றுகளை ஓரத்தில் அச்சான எண் வரிசையிலேயே எடுத்தால் கோப்புகளின் வரிசையும் தானே சரியாக அமையும். வளைந்த ஃபிலிம் ஒவ்வொரு கீற்றிலும் வேறு வேறு உயரத்தில் நிற்கும் என்பதால், குவியத்தைச் சரிபார்ப்பதைக் கீற்றுக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும்.

எமல்ஷன் பக்கம் கேமராவைப் பார்த்தபடி எடுத்தால், பிறகு படத்தை இட வலமாகத் திருப்ப வேண்டும். திருப்பினோமா என்று சந்தேகம் வந்தால் கடைப்பலகை எழுத்தைப் பாருங்கள்; எழுத்தே இல்லாத படமென்றால் புடவையின் முந்தானையும் சட்டைப்பையும் அணிந்தவரின் இடப்பக்கம் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

8. பிளாட்பெட் ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கு

பளபளப்பான பக்கம் கண்ணாடியைத் தொட்டால் நீர்வளையம் போன்ற வண்ணக் கோடுகள் விழும். எனவே ஃபிலிமைக் கண்ணாடி மீது வைக்காமல் ஹோல்டரிலேயே வையுங்கள். 2400 டிபிஐ போதும். 6 சென்டிமீட்டர் நெகட்டிவில் அதுவே ஏறத்தாழ 28 மெகாபிக்சல் தரும். அதற்கு மேல் ஏற்றினால் கோப்பு பெருக்கும், விவரம் பெருகாது. வண்ணத்துக்கு 48 பிட், கருப்பு வெள்ளைக்கு 16 பிட் சாம்பல். கூர்மையாக்கம், நிறம் மீட்பு ஆகியவற்றை அணைத்துவிடுங்கள்; ஒரு முறை வெட்டுப்பட்ட நிறத்தைப் பின்னால் மீட்க வழியில்லை.

அகச்சிவப்பு ஒளியால் தூசியை இனம் கண்டு நீக்கும் வசதி வண்ண நெகட்டிவுக்கு மிகவும் பயனுள்ளது. ஆனால் வழக்கமான கருப்பு வெள்ளை நெகட்டிவில் படமே வெள்ளித்துகள். அது அகச்சிவப்பையும் மறைப்பதால், மென்பொருள் முகத்தைத் தூசி என்று எண்ணிச் சிதைத்துவிடும். கோடக்குரோம் ஸ்லைடுகளிலும் இதே வகைத் தொல்லை உண்டு.

9. நெகட்டிவைப் புரட்டுதல்

கருப்பு வெள்ளைக்கு இது எளிது: நிறத்தை நீக்கி, வளைகோட்டைத் தலைகீழாக்கி, இரு முனைகளையும் சரிசெய்தால் முடிந்தது.

வண்ண நெகட்டிவைச் சாதாரண மென்பொருளில் தலைகீழாக்கினால் படம் முழுவதும் நீலம் பாயும். ஆரஞ்சு அடித்தளத்தை முதலில் கழித்தாக வேண்டும் என்பதே காரணம். லைட்ரூம் வைத்திருப்பவர்கள் நெகட்டிவ் லேப் ப்ரோ என்ற கட்டண இணைப்பைப் பயன்படுத்துகிறார்கள். இலவசமாக வேண்டுமென்றால் டார்க்டேபிளில் உள்ள நெகாடாக்டர் போதுமானது. அதில் ஃபிலிமிக், சிக்மாய்டு, பேஸ் கர்வ் போன்ற தொனி மாற்றும் தொகுதிகளை முதலில் அணைத்துவிட்டு, வெற்று ஃபிலிமின் நிறத்தை அளவெடுத்துக் கொடுங்கள். அடுத்து, ஓரத்துத் துளைகளும் கறுப்பு அட்டையும் உள்ளே வராதபடி படத்தைக் கத்தரித்த பிறகுதான் அடர்த்தியை அளக்க வேண்டும். துளை வழியாக வரும் வெற்று ஒளி ஒரு துளி சேர்ந்தாலும் கணக்கு பிசகிவிடும். பிறகு நிழலின் நிறத்தையும் வெளிச்சத்தின் நிறத்தையும் அந்த வரிசையில் திருத்துங்கள்.

வெப்பத்தில் பல ஆண்டுகள் கிடந்த நெகட்டிவ்களில் மூன்று சாயங்களும் ஒரே அளவில் மங்குவதில்லை. நிழல்கள் ஒரு நிறமாகவும் வெளிச்சங்கள் அதற்கு எதிர்நிறமாகவும் சாய்ந்திருக்கும். ஒயிட் பேலன்ஸ் ஒன்றை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தால் ஒரு பக்கம் சரியாகி மறுபக்கம் கெடும். இரண்டு முனைகளையும் தனித்தனியே திருத்தி, முகத்தின் நிறம் பொருந்தியதும் நிறுத்திக்கொள்ளுங்கள். அன்றைய வானத்தின் நீலம் என்னவென்று யாருக்கும் நினைவிருக்காது.

10. ஸ்லைடுகள்

ஸ்லைடு நேர்ப்படம் என்பதால் புரட்டும் வேலை இல்லை. ஒயிட் பேலன்ஸை வெற்று ஒளிமேடையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இதன் நிழல்கள் மிக அடர்ந்தவை. வெண்மை வெட்டுப்படாத அளவில் ஒரு படமும், இரண்டு ஸ்டாப் (நான்கு மடங்கு) கூடுதல் ஒளியில் இன்னொன்றும் எடுத்துவைத்தால் தேவைப்படும்போது இணைக்கலாம். நெகட்டிவைப் போல ஒரே ஒளியளவை எல்லாவற்றுக்கும் பூட்டுவது ஸ்லைடுகளுக்குப் பொருந்தாது. அட்டைச் சட்டத்தின் உள்விளிம்பிலிருந்து நாரிழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைக் கத்தரித்துத் தள்ளுங்கள். சட்டத்தில் எழுதியிருப்பதைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளவும் மறக்க வேண்டாம்.

11. கோப்புப் பெயர், தேதி, நகல்

பெயரை ஆண்டு, சுருள் எண், ஃபிலிமின் ஓரத்திலுள்ள பட எண் என்ற வரிசையில் வையுங்கள். எண்களை மட்டும் போட்டு 1987-03-14 என்று எழுதினால், பத்தாண்டு கழித்துப் பார்ப்பவர் அதை மார்ச் 14 என்று வாசிப்பார். 1987-சு03-ப14 என்பது போல எழுத்தைச் சேர்த்தால் அந்தக் குழப்பம் இராது.

கேமரா ஒவ்வொரு கோப்பிலும் இன்றைய தேதியைப் பதித்திருக்கும். அப்படியே விட்டால், தாத்தாவின் அறுபதாம் கல்யாணம் கைபேசி ஆல்பத்தில் நேற்று எடுத்த படத்துக்குப் பக்கத்தில் நிற்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளால் எடுத்த தேதியை மொத்தமாக மாற்றலாம். ஆண்டு மட்டுமே தெரிந்தால் ஜனவரி 1 என்று போட்டு, விளக்கக் குறிப்பில் ‘ஆண்டு மட்டும் உறுதி’ என்று எழுதுங்கள். முதல் படியில் கவரின் மீது எழுதிய பெயர்களையும் இந்தக் குறிப்பிலேயே ஏற்றிவிடுங்கள். பெயர்கள் படத்தோடு சேர்ந்தே பயணிக்கும்.

24 மெகாபிக்சல் படம் ஒன்று, தரம் இழக்காத 16 பிட் டிஃப் வடிவில் ஏறத்தாழ 144 எம்பி வரும். 36 படச் சுருள் 5 ஜிபியைத் தாண்டும். எல்லாவற்றையும் டிஃபாக வைக்கத் தேவையில்லை. ரா கோப்பையும் உயர்தர ஜேபெக்கையும் வைத்துக்கொண்டு, பெரிதாக அச்சிட வேண்டியவற்றை மட்டும் டிஃபாக்குங்கள். இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

12. ஃபிலிமைத் திரும்ப வைத்தல்

ஸ்கேன் முடிந்தது என்று நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள். கோப்பு அழிந்தால் திரும்ப எடுக்க அதுதான் ஆதாரம். பழைய பிவிசி உறைகள் ஃபிலிமோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் பாலிபுரோப்பிலீன் உறைக்கு மாற்றி, கோப்பில் கொடுத்த அதே சுருள் எண்ணை உறையிலும் எழுதுங்கள். பரண் வேண்டாம், அங்கே வெப்பம் அதிகம். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம், மழைக்காலத்தில் ஈரம் ஏறும். சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில், உள்ளறை அலமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். நிறம் மாறும் மணிகளாக வாங்கினால், எப்போது அவற்றைச் சூடாக்கி உலர்த்த வேண்டும் என்று பார்த்ததுமே தெரியும். வினிகர் நெடி அடித்தவற்றை மட்டும் இந்த டப்பாவில் சேர்க்காமல், காற்றோட்டமுள்ள தனி அட்டைப்பெட்டியில் வையுங்கள்.